பக்கத்து வளவில் பிள்ளைக்கு அடி விழுகிறது: அயலவர் எதுவரை தலையிடலாம்?

கடிதம்:

"எங்கட பக்கத்து வளவில ஒரு பெடியன், 13 வயசு. தாய் குவைத்தில வீட்டு வேலை. தகப்பன் மேசன். பின்னேரம் குடிச்சிட்டு வந்தால் வயரால அடி. வீட்டில அப்பம்மா இருக்கிறா, அவவுக்கும் மகனிட்டப் பயம். இந்தத் தவணை பெடியன் பள்ளிக்கூடம் போகேல்லை, ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில நிக்கிறான். போன கிழமை மதிலடியில நிண்டு கேட்டன். 'என்ர பிள்ளை, நான் அடிப்பன், உங்களுக்கென்ன?' எண்டு கேக்கிறார். பொலிசுக்குச் சொன்னால் பிள்ளையைக் கொண்டுபோய் ஹோமில விட்டிடுவாங்களோ எண்டு பயமாக் கிடக்கு. நான்தான் சொன்னதெண்டு தெரிஞ்சால் நாங்கள் இருக்கேலாது. கொடிகாமத்தில பெடியனின்ர அம்மம்மா இருக்கிறா, நல்ல மனிசி. பேசாமல் அங்க கூட்டிக்கொண்டுபோய் விடட்டோ?" (பெயர் வேண்டாம், தென்மராட்சி)

அன்பான சகோதரிக்கு,

நீங்கள் சொல்லலாம். சொல்லவும் வேண்டும். கையில் படமோ வைத்தியச் சான்றிதழோ இருக்க வேண்டியதில்லை. நடந்தது குற்றமா இல்லையா என்று தீர்ப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கண்டதையும் கேட்டதையும் உரியவரிடம் சேர்த்தால் உங்கள் பங்கு முடிந்தது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், காசு போகாது, தமிழில் கதைக்கலாம். பெயரை வெளியில் விட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பெடியனை அம்மம்மாவிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

ஹோம், அதாவது சிறுவர் இல்லம், பற்றிய பயம்தான் எங்கள் ஊர்களில் பலரின் வாயை மூடிவைக்கிறது. உண்மையில் பிள்ளையை வீட்டிலிருந்து வெளியே எடுக்கவைப்பது பெரும்பாலும் பிந்திவந்த முறைப்பாடுதான். தழும்போடு நிற்கும்போதே தகவல் வந்தால் பள்ளிக்கூட இடாப்பில் பிள்ளையின் பெயர் இன்னும் இருக்கும். அப்பம்மா வாய் திறக்கக்கூடும், அம்மம்மா முன்வரக்கூடும், தகப்பனோடு கதைக்கவும் வழி இருக்கும். கை முறிந்தபின் வந்தால் நீதவானுக்கு முன்னால் இருக்கிற தெரிவுகள் குறைந்துவிடும். பிள்ளை ஹோமுக்குப் போகக்கூடாது என்று நினைப்பவர்தான் முதலில் போனை எடுக்க வேண்டும்.

"என்ர பிள்ளை" என்று அந்தத் தகப்பன் சொன்னதில் பாதி சரி. பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, எந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போவது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும், போன் கொடுப்பதா இல்லையா என்பதையெல்லாம் பெற்றோர் தீர்மானிக்கலாம். அயலவருக்கு அதில் வேலை இல்லை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயமும் பெற்றோரின் வழிகாட்டும் உரிமையை மதிக்கச் சொல்கிறது. அந்த உரிமை பிள்ளையின் நன்மைக்காகக் கொடுக்கப்பட்டது. பிள்ளையை நோகடிக்கிற இடத்தில் அது நின்றுவிடுகிறது.

எங்கள் சட்டத்தில் இதற்குக் கோடு எங்கே இருக்கிறது? 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தால் தண்டனைச் சட்டக்கோவையில் 308அ என்ற பிரிவு சேர்ந்தது. 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அவருக்குத் துன்பமோ உடல்நலக் கேடோ ஏற்படக்கூடிய விதத்தில் வேண்டுமென்றே அடித்தாலோ, கொடுமைப்படுத்தினாலோ, கவனிக்காமல் விட்டாலோ, கைவிட்டாலோ அது சிறுவர் கொடுமை என்ற குற்றம். இரண்டு வருடத்துக்குக் குறையாமல் பத்து வருடம் வரை சிறை. "ஏற்படக்கூடிய விதத்தில்" என்ற சொற்களைக் கவனியுங்கள். எலும்பு முறியும்வரை சட்டம் காத்திருக்கச் சொல்லவில்லை. தாயும் தகப்பனும் அதற்கு விலக்கும் இல்லை.

தகப்பன்மார் சிலர், சில நேரம் சட்டம் அரைகுறையாகத் தெரிந்தவர்களும், 1939ஆம் ஆண்டின் சிறுவர் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தை இழுப்பார்கள். அதன் 71ஆவது பிரிவு, பெற்றோரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமையை "இந்தப் பிரிவு" பாதிக்காது என்கிறது. அந்த வரி அந்தப் பிரிவுக்கு மட்டும் உரியது. 56 வருடத்துக்குப் பின் வேறொரு சட்டத்தில் வந்த 308அ பிரிவுக்கு அதைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. தண்டனைச் சட்டக்கோவையின் 82ஆவது பிரிவு நன்னம்பிக்கையோடு பிள்ளையின் நன்மைக்காகப் பாதுகாவலர் செய்வதைக் காக்கிறது. ஆனால் அது 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பற்றியது. உங்கள் பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு 13. வயது எதுவானாலும், குடித்துவிட்டு வந்து வயரால் அடிப்பதை நன்னம்பிக்கை என்று எந்த நீதிமன்றத்தில் போய்ச் சொல்ல முடியும்?

பள்ளிக்கூடமும் கராஜும் இதோடு சேர்ந்தவை. 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். இது 14இலிருந்து 16 ஆனது 2016இல். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021இல் 16 ஆக உயர்ந்தது. ஆகவே பள்ளிக்கூடத்தை மறித்துக் கராஜில் நிறுத்தும் அதிகாரம் தகப்பனுக்கு இல்லை. ஆனாலும் கராஜ் முதலாளிக்கு எதிராகத் தொழில் திணைக்களத்தில் தனியாக ஒரு முறைப்பாட்டை முதலில் போட்டுவிடாதீர்கள். அவர் பயந்து நாளைக்கே பெடியனை நிறுத்திவிடுவார், பிள்ளை முழு நாளும் வீட்டில், அதுவும் தகப்பன் கோபத்தில் இருக்கிற வீட்டில் நிற்பான். கராஜ் விசயத்தை வீட்டு விசயத்தோடு சேர்த்து அதே உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், ஒழுங்கை அவர் தீர்மானிக்கட்டும். பெடியன் ஏன் போகவில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள். அரைக்கைச் சேட்டும் நீலக் களிசானும் போட்டால் கையிலும் காலிலும் இருக்கிற தழும்பு வகுப்பு முழுக்கத் தெரியும். அந்த வெட்கத்துக்கே நிற்கிற பிள்ளைகள் உண்டு.

இனி, என்ன கவனிப்பது. ஒரு கொப்பி எடுங்கள். திகதி, நேரம், கண்டது, கேட்டது என்று எழுதுங்கள். "தகப்பன் கொடுமைப்படுத்துகிறார்" என்று எழுதினால் அது உங்கள் முடிவு, அதை வைத்து ஒருவரும் வேலை செய்ய ஏலாது. "செவ்வாய் இரவு எட்டரைக்கு அடிக்கிற சத்தம் கேட்டது, 'அப்பா வேண்டாம்' என்று பிள்ளை கத்தினான், புதன் காலை இடது கால் பின்பக்கத்தில் மூன்று தழும்பு கண்டேன்" என்று எழுதினால் அது தகவல்.

தழும்பின் இடமும் வடிவமும் நிறையச் சொல்லும். விழுந்து எழும்பும் பிள்ளைக்கு முழங்கால், கணைக்கால், முழங்கை, நெற்றியில் காயம் வருவது வழமை. காது, கழுத்து, முதுகு, பின்பக்கம், உள்தொடை, மேற்கையின் உட்பக்கம் ஆகிய இடங்கள் விளையாட்டில் லேசில் அடிபடுவதில்லை. வயரை மடித்து அடித்தால் 'ப' போல வளைந்த தழும்பு விழும். தடியாலோ பெல்டாலோ அடித்தால் இரண்டு கோடு பக்கம் பக்கமாகச் சிவந்திருக்கும், நடுவில் தோல் வெளிறி இருக்கும். நிறத்தை வைத்து இது எத்தனை நாள் காயம் என்று மட்டும் சொல்லப் போகாதீர்கள். வைத்தியர்களே அதை நம்பிச் சொல்வதில்லை, நீங்கள் சொன்ன நாள் பிழைத்தால் மற்றத் தகவலும் சந்தேகத்துக்குள்ளாகும்.

சேட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். போனில் படம் எடுக்கவே வேண்டாம். காயத்தைப் பதிவதற்குச் சட்ட வைத்திய அதிகாரி இருக்கிறார்.

பெடியன் தானாக ஏதும் சொன்னால் கேளுங்கள். "அப்பா வயராலதானே அடிச்சவர்?" என்று கேட்காதீர்கள். "என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவன் சொன்ன சொற்களை அப்படியே கொப்பியில் எழுதுங்கள், திரும்பத் திரும்பக் கேட்கவும் வேண்டாம். ஒவ்வொருவரும் கேட்கக் கேட்கக் கதை கொஞ்சம் கொஞ்சம் மாறும், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த மாற்றத்தைத்தான் பிடிப்பார். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "இது உன்ர பிழை இல்லை ராசா. உதவி செய்யக்கூடிய ஆக்களுக்கு நான் சொல்லப்போறன்" என்றால் போதும்.

யாரிடம் சொல்வது என்பதில் எங்கள் ஆட்கள் நிறையக் குழம்புகிறார்கள், அதனால் நாளும் போய்விடுகிறது. அடி விழுந்துகொண்டிருக்கும்போது பொலிஸ் அவசர இலக்கம் 119. பிள்ளை மயங்கினாலோ, தலையில் அடிபட்டபின் சத்தி எடுத்தாலோ, நித்திரை தூங்கிக்கொண்டே இருந்தாலோ 1990 அம்புலன்ஸ். கன்னத்தில் அறை விழுந்தபின் காது வலி, காது கேட்கவில்லை என்று சொன்னாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, செவிப்பறை கிழிந்திருக்கலாம். மற்ற நேரங்களில் 1929. அங்கே சொல்லும் தகவல் மாவட்டத்தில் இருக்கிற சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ போய்ச் சேரும். நேரில் போக விரும்பினால் உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், நன்னடத்தை உத்தியோகத்தரை எங்கே சந்திக்கலாம் என்பதையும் அங்கேயே கேட்டறியலாம். நீதிமன்றத்துக்குக் குடும்ப அறிக்கை எழுதுவதும், பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று பரிந்துரைப்பதும் நன்னடத்தை உத்தியோகத்தர்தான். பொலிஸ் நிலையத்துக்குப் போனால் பெண்கள் சிறுவர் பிரிவைக் கேளுங்கள், முன் மேசையில் கதையை முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. கிராம அலுவலரிடம் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் அவரிடம் மட்டும் சொல்லி நிறுத்தினால் அவர் தகப்பனைக் கூப்பிட்டு "அப்பிடிச் செய்யாத தம்பி" என்று சொல்லிவிட்டு விடவும் கூடும்.

போனில் சொல்லும்போது பிள்ளையின் பெயர், வயது, வீட்டுக்கு வரும் வழி, படித்த பள்ளிக்கூடம், கடைசியாக அடி விழுந்த நாள், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், தகப்பன் வீட்டில் இல்லாத நேரம் எது என்பவற்றைச் சொல்லுங்கள். அந்தக் கடைசித் தகவலை எல்லாரும் மறந்துவிடுவார்கள். உத்தியோகத்தர் முதல்முறை வரும்போது பிள்ளையோடு தனியாகக் கதைக்க முடியுமா இல்லையா என்பது அதில்தான் இருக்கிறது. அம்மம்மாவின் விபரத்தையும் கொடுங்கள். போனை வைக்கமுன் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு பாதை திறக்கும். ஒன்று தகப்பன் செய்த குற்றம் பற்றியது. பொலிசார் வாக்குமூலம் எடுத்து, படிவம் கொடுத்துப் பிள்ளையைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார்கள், 'பி' அறிக்கை என்ற பொலிஸ் விசாரணை அறிக்கையோடு விசயம் நீதவானுக்குப் போகும். மற்றது பிள்ளையின் பாதுகாப்புப் பற்றியது. முதலாவது இழுபட்டாலும் இரண்டாவது நிற்க வேண்டியதில்லை. பராமரிப்போ பாதுகாப்போ தேவைப்படுகிற பிள்ளை என்று கண்டால், 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிள்ளையை ஒழுங்காகப் பார்ப்போம் என்று நீதிமன்றம் பெற்றோரிடம் பிணைமுறி வாங்கலாம், நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் பிள்ளையை வைக்கலாம், உறவினர் உட்பட தகுந்த ஒருவரிடம் ஒப்படைக்கலாம், ஹோம் போன்ற நிறுவனத்துக்கும் அனுப்பலாம். நிறுவனம் கடைசி வழியாக இருக்க வேண்டும் என்பது 2019இல் ஏற்கப்பட்ட மாற்றுப் பராமரிப்புத் தேசிய கொள்கையின் நிலைப்பாடு.

கொடிகாமத்து அம்மம்மா இந்த இடத்தில்தான் வருகிறா. நீங்கள் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அடுத்த நாள் தகப்பன் போய் இழுத்துவரலாம், மறிக்க அம்மம்மாவிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது. சட்டப்படியான பாதுகாவலரிடமிருந்து பிள்ளையைக் கொண்டுபோனதாக உங்கள்மேல் முறையிடவும் இடம் இருக்கிறது. அதே அம்மம்மா நன்னடத்தை உத்தியோகத்தர் மூலம் முன்வந்து, நீதிமன்றம் பிள்ளையை அவவிடம் ஒப்படைத்தால், தகப்பன் படலையில் வந்து நின்றாலும் அவ பொலிசைக் கூப்பிடலாம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் அந்தக் கட்டளை உதவும். குவைத்தில் இருக்கிற தாயின் விருப்பத்தையும் உத்தியோகத்தர் கேட்டறிய வேண்டும். ஆகவே தாயின் தொடர்பிலக்கம் தெரிந்தால் கொடுங்கள். நீங்களே போன் எடுத்து முழுவதையும் சொல்வதற்கு அவசரப்படாதீர்கள். தாய் அந்த நிமிசமே தகப்பனுக்கு எடுத்து ஏசுவா, அன்றிரவு அடி விழுவது பெடியனுக்குத்தான்.

இரவில் பெடியன் உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தால் கதவைத் திறவுங்கள். தண்ணீர் கொடுங்கள், உடனே 119க்கும் 1929க்கும் எடுங்கள். ஒருவருக்கும் அறிவிக்காமல் விடியும்வரை வைத்திருப்பது மட்டும் வேண்டாம்.

அப்பம்மாவுக்கும் ஒரு வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பிள்ளையோடு ஒரே வீட்டில் வசிப்பவர் பிள்ளைக்காக நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள் வரையும், விசாரணைக்குப் பின் கொடுக்கும் கட்டளை 12 மாதம் வரையும் நிற்கும். அதை மீறினால் அது தனிக் குற்றம். பிள்ளையை வீட்டை விட்டு எடுக்காமல் அடிப்பவரைத் தடுக்க இதைவிட நேரான வழி இல்லை. ஆனாலும் இங்கே இதைப் பாவிப்பவர்கள் குறைவு, அது எனக்குப் பெரிய ஆதங்கம். சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்கலாம்.

எங்கே பிழைக்கிறது என்றால், அதிகமாக "சமாதானத்தில்". தகப்பனைக் கூப்பிட்டு, இனி அடிக்கமாட்டேன் என்று கையெழுத்து வாங்கி, பிள்ளையையும் அவரோடே அனுப்பிவிடுவது. வீட்டுக்குப் போனதும் "ஆரடா சொன்னது?" என்று தொடங்கும். அப்படி முடிக்கிறார்கள் என்று தெரிந்தால், நன்னடத்தை உத்தியோகத்தருக்கு அறிவித்தார்களா, யார் எந்தத் திகதியில் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார் என்று கேளுங்கள். மேற்பார்வை இல்லாத கையெழுத்து பிள்ளைக்கு ஆபத்து.

மற்றது வீடியோ. மதிலுக்கு மேலால் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் கனடாவிலும் லண்டனிலும் பார்ப்பார்கள், தகப்பனை ஏசுவார்கள். அதே வீடியோ பெடியனின் வகுப்புப் பிள்ளைகளின் போனுக்கும் வரும். பிறகு அவன் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போவான் என்று நான் நம்பமாட்டேன். நாலு பேர் சேர்ந்து போய்த் தகப்பனை மிரட்டுவதும் இப்படித்தான் முடியும். அவருக்கு வந்த அவமானத்தை இரவில் பிள்ளைதான் சுமக்கும்.

உங்கள் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஒரே மதில், ஒரே ஒழுங்கை. சாட்சிகளையும் தகவல் கொடுத்தவர்களையும் மிரட்டுவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குற்றம். மிரட்டல் வந்தால் அதையும் திகதியோடு எழுதி உடனே சொல்லுங்கள். உத்தியோகத்தர் உங்கள் வீட்டுக்கு வந்து கதைப்பதைவிட நீங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சந்திப்பது நல்லது, அங்கே ஆட்கள் ஆயிரம் அலுவலாக வந்துபோவார்கள். பாடசாலை அதிபருக்கும் தகவல் கொடுங்கள். ஒரு தவணையாக வராத பிள்ளையைப் பற்றி அவரே கேட்கலாம். அப்போது தகவல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததாகத்தான் தெரியும்.

இதோடு அயலவருக்கும் ஒரு கோடு இருக்கிறது. வேறொரு வீட்டில் தாய் சத்தம் போட்டு ஏசினாள், ரியூசனுக்குப் போகாததற்கு விளையாட விடவில்லை, போனைப் பறித்தாள் என்பதற்கெல்லாம் 1929க்கு எடுப்பது பிழை. ஒருநாள் கோபத்தில் ஒரு அடி விழுந்தால், அது நல்லதென்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அந்த வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துக் கதைப்பதே சரி. பிள்ளைக்குச் சப்பாத்து இல்லை, காலையில் சாப்பாடு இல்லை என்பது கவனிக்காமல் விட்ட குற்றமாக எப்போதும் இராது. வறுமையாக இருக்கலாம். வறுமைக்காக மட்டும் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடாது. அந்த வீட்டுக்கு அரசின் அஸ்வெசும உதவிப் பணம் கிடைக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்று பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொடுப்பதே அங்கே அயலவரின் உதவி.

தகப்பனையும் விட்டுவிட முடியாது. குடியை விடாமல் அந்தக் கை நிற்காது. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன, காசு இல்லை. 1926 என்ற இலக்கத்தில் உளநல ஆலோசனை கேட்கலாம். அவர் தானாகப் போகமாட்டார். நீதவானிடம் போகிற அறிக்கையில் குடிப் பிரச்சினையையும் சிகிச்சையின் தேவையையும் எழுதச் சொல்லி நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். தாய் வெளிநாட்டில் இருக்கப் பிள்ளையை வைத்திருக்கும் ஒருவருக்கு யாரும் இதுவரை அப்படி ஒரு கதவைத் திறந்துகாட்டியிருக்கவும் மாட்டார்கள்.

நாளைக்கே 1929க்கு எடுங்கள். ஒரு கிழமைக்குள் ஒருவரும் அந்த வீட்டுக்கு வரவில்லை என்றால் முறைப்பாட்டு இலக்கத்தைச் சொல்லித் திரும்ப எடுங்கள். அதன் பிறகும் அசைவில்லை என்றால் ஒரு பக்கக் கடிதம் எழுதி இரண்டு பிரதி எடுங்கள். போன் எடுத்த திகதி, இலக்கம், அதன்பின் அடி விழுந்த நாட்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒன்றைப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்ட திகதியும் சீலும் வாங்கி வைத்திருங்கள். உத்தியோகத்தர் கடமையைச் செய்யாமல் விட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடும்போது அந்தச் சீல் வைத்த பிரதியைத்தான் முதலில் கேட்பார்கள்.